கத்தியின் பதம்

மனிதன் முதன்முதல் ஆக்கிக்கொண்ட கருவிகளுள் கத்தியும் ஒன்று. அடுக்களையில் காய் அரிவதற்கும் மருத்துவ மனையில் உயிர் காப்பதற்கும் அது துணை புரிகின்றது. கொல்லர்க்கு உரியதாய் இருந்த கத்தி செய்யும் கலையை ஓய்வுநேரக் கைத்தொழிலாகக் கற்பாரும் இந்நாளில் பலர் உளர். இரும்பைத் தகடாக்கிக் கூர் தீட்டினால் கத்தி ஆகிவிடும் என்று தொடக்கத்தில் அவர்கள் எண்ணுவர். அஃது உண்மையன்று.

தூய இரும்பில் கூர் நில்லாது. அதனோடு கரி சிறிதளவு கலந்தாலே அது எஃகாகும். கத்திக்கு ஏற்ற எஃகில் நூற்றுக்கு முக்கால் முதல் ஒரு பங்கு வரை கரி இருத்தல் நன்று. உலையிற் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து உருவாக்குதல் ஒரு முறை. எஃகுப் பட்டையை அறுத்து அரத்தால் அராவுதல் மற்றொரு முறை. புதியவர்க்குப் பின்னதே எளிது. வாய்ப்புறத்தை அப்போதே மெல்லியதாக்கி விடலாகாது. நெருப்பில் அது கோணும், அன்றி வெடிக்கும்.

உருவம் அமைந்த பின்னர் அலகைச் செந்நிறமாகக் காய்ச்சுதல் வேண்டும். கண் கணக்கில் தவறும்; காந்தம் தவறாது. ஏறத்தாழ 770 பாகை செல்சியசு வெப்பத்தில் காந்தம் எஃகை ஈர்ப்பதில்லை. அதனினும் சற்று மிகக் காய்ச்சி, இளஞ்சூடான எண்ணெயில் நேராகத் தோய்த்தல் வேண்டும். எண்ணெய் தீப்பற்றும் ஆதலின் உலோகக் கலமும் மூடியும் அருகில் இருத்தல் இன்றியமையாதது. தோய்ச்சல் நன்கு அமைந்த அலகின்மீது அரம் பற்றாது வழுக்கிச் செல்லும்.

அலகு கடினமாயிற்று என்று கற்பவன் மகிழ்கின்றான். ஆயின், இடர் நேர்வது இங்கேதான். அவ்வலகு இப்போது கண்ணாடியை ஒத்தது. கைதவறி விழுந்தால் உடையும், பல நாள் உழைப்பும் பாழாகும். ஆதலின் ஏறத்தாழ 200 பாகையில் அதனை மீண்டும் சூடேற்றி, இரண்டு மணி நேரம் வைத்து ஆறவிடுவர். அப்போது அதன் பளபளப்பான மேற்பரப்பில் வைக்கோல் நிறம் தோன்றும். கடினம் சிறிது குறையும்; உடையாத்தன்மை பெரிதும் மிகும். வெப்பம் எல்லை கடந்தால் நிறம் ஊதாவாகிப் பின் நீலமாகும். கூர் நில்லாது போகும். சாணை பிடிக்கும்போதும் இக்கேடு நேரும். ஆதலின் அலகை அடிக்கடி நீரில் நனைத்தல் வேண்டும்.

1976ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கம் தன் தேர்வை இவ்வுண்மையின்மீதே அமைத்துள்ளது. தேர்வுக்குரிய கத்தி, தொங்கும் ஓரங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் துணித்தல் வேண்டும். மரச்சட்டத்தை இருமுறை துண்டாக்குதல் வேண்டும். அதன் பின்னரும் மயிரை மழிக்கும் கூர் குன்றாதிருத்தல் வேண்டும். இறுதியில் அதனை இடுக்கியிற் பொருத்தி 90 பாகை வளைப்பர். அப்போதும் அது முறியலாகாது. இதன்பொருட்டே வாயைக் கடினமாக வைத்து, முதுகை மீண்டும் காய்ச்சி இளக்குவர்.

கடினம் மட்டும் உடையது முறியும். நெகிழ்ச்சி மட்டும் உடையது மழுங்கும். இரண்டும் அளவோடு பொருந்திய நிலையே பதம். அதனை அறிந்து, அதுவரை பொறுத்திருக்கக் கற்றவனே கத்தி செய்யக் கற்றவனாவான்.