கம்ப்ரெஷனை எங்கே அணைப்பது, எங்கே விடுவது

பாதுகாப்பு ஆய்வு அறிக்கையில் ‘பிரீச்’ என்ற பெயர் சிவப்பு எழுத்தில் வந்துவிட்டால், பல இடங்களில் சர்வரின் ஜிஜிப் கம்ப்ரெஷனை ஒட்டுமொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் ‘இது பழைய விஷயம்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் உறுதியான கருத்து. எந்தப் பக்கத்தில் அணைக்க வேண்டும் என்று பார்த்து அணைப்பதுதான் சரி.

2012இல் ஜூலியானோ ரிஸோ, தாய் டுவாங் இருவரும் ‘கிரைம்’ என்ற தாக்குதலைக் காட்டினார்கள். டிஎல்எஸ் அடுக்கில் நடந்த கம்ப்ரெஷன்தான் அதற்கு வழிவிட்டது. பிரவுசர்கள் அதை நிறுத்தின. 2018இல் வந்த டிஎல்எஸ் 1.3இல் அந்த வசதியே கிடையாது. ஆனால் 2013இல் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் ஏஞ்சலோ பிராடோ, நீல் ஹாரிஸ், யோயல் க்ளக் மூவரும் அதே ஓட்டை ஹெச்டிடிபி பதிலிலும் இருப்பதைக் காட்டினார்கள். அதுதான் பிரீச்.

அது நடக்கும் விதம் இப்படி. ஜிஜிப், ஒரே எழுத்துவரிசை மறுபடி வந்தால் அதைத் திரும்ப எழுதாமல் ‘முன்பு வந்ததைப் பார்’ என்று குறித்துவிடும். ஒரு பக்கத்தில் ‘டோக்கன்=73...’ என்று ஒரு ரகசியம் இருக்கிறது. அதே பக்கம் தேடல் சொல்லையும் திருப்பிக் காட்டுகிறது. தாக்குபவர், லாகின் செய்திருக்கும் ஒருவருடைய பிரவுசரை ‘டோக்கன்=1’, ‘டோக்கன்=2’ என்று வரிசையாகத் தேட வைக்கிறார். ‘டோக்கன்=7’ போகும்போது முந்தைய வரிசையோடு ஓர் எழுத்து கூடுதலாகப் பொருந்துவதால் பதிலின் அளவு சற்றுக் குறைகிறது. மறையாக்கம் உள்ளடக்கத்தை மறைக்கும், நீளத்தை மறைக்காது. ஒட்டிய உறையைப் பிரிக்காமலே எடைபோட்டு உள்ளே இருப்பதைக் கண்டுபிடிப்பது போலத்தான் இது. ஒவ்வோர் எழுத்தாக முழு டோக்கனும் வெளியே வந்துவிடும். ஹஃப்மன் குறியாக்கம் இந்தக் கணக்கைக் கொஞ்சம் குழப்பும். அதைத் தாண்டும் வழியையும் அந்த மூவரே சொல்லிவிட்டார்கள்.

செய்ய வேண்டியவை

முதலில் பக்கம் பக்கமாகப் பாருங்கள். இந்தத் தாக்குதல் நடக்க, கம்ப்ரெஷன் ஆனில் இருக்க வேண்டும், வெளியிலிருந்து அனுப்பியது பதிலில் அப்படியே திரும்ப வர வேண்டும், அதே பதிலில் ரகசியம் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் ஆபத்து. டெஸ்ட்எஸ்எஸ்எல் என்ற சோதனைக் கருவியே, நிலையான பக்கமாக இருந்தாலோ பக்கத்தில் ரகசியம் இல்லாவிட்டாலோ இந்த எச்சரிக்கையை விட்டுவிடலாம் என்கிறது. அறிக்கையைப் படிப்பவர்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மூன்றும் சேரும் பக்கத்தில் தயங்காமல் அணையுங்கள். பிரீச்சைக் கண்டுபிடித்தவர்கள் தந்த தடுப்புப் பட்டியலில், பலன் அளவில் முதலிடம் கம்ப்ரெஷனை அணைப்பதற்குத்தான். என்ஜினெக்ஸில் ஒரு சிக்கல் உண்டு. ‘ஜிஜிப் டைப்ஸ்’ பட்டியலிலிருந்து ஹெச்டிஎம்எல்லை நீக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜிஜிப் ஆனில் இருந்தால், பட்டியலில் என்ன இருந்தாலும் என்ஜினெக்ஸ் ஹெச்டிஎம்எல்லைச் சுருக்கத்தான் செய்யும். ஆகவே அந்தப் பாதைக்குரிய ‘லொகேஷன்’ பகுதிக்குள் ‘ஜிஜிப் ஆஃப்’ என்று எழுத வேண்டும். சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளின் பகுதியில் ஆனிலேயே இருக்கட்டும்.

ப்ரோட்லியையும் தேடிப் பாருங்கள். அது தனி மாட்யூல். ஜிஜிப்பை அணைத்தால் அது அணையாது. அதுவும் இதே முறையில்தான் சுருக்குகிறது.

டோக்கனை ஒவ்வொரு பதிலிலும் வேறு உருவில் அனுப்புங்கள். தற்செயலான ஓர் எண்ணோடு கலந்து, அந்த எண்ணையும் கூடவே அனுப்பினால் சர்வரால் திரும்பப் பிரித்தெடுக்க முடியும்; தாக்குபவருக்கோ ஒவ்வொரு முறையும் வேறு எழுத்துவரிசை வரும். பிரீச் வெளிவந்த 2013 ஆகஸ்டில், கம்ப்ரெஷனை அணைத்துவிடுங்கள் என்றுதான் ஜாங்கோ குழு அறிவித்தது. 2016இல் வந்த 1.10 பதிப்பிலிருந்து டோக்கனையே இப்படி மாற்றி அனுப்புகிறது. ரெயில்ஸிலும் இது உண்டு. ஆனால் இது காப்பது டோக்கனை மட்டும். அதே பக்கத்தில் கைபேசி எண்ணோ, கணக்கு எண்ணோ, நோயாளியின் விவரமோ இருந்தால் அவற்றை இது காக்காது. என்னைக் கேட்டால் பெரிய கவலை அங்கேதான்.

லாகின் குக்கீக்கு ‘சேம்சைட்’ குறிப்பை ‘லாக்ஸ்’ என்று கையால் எழுதுங்கள். பிற தளம் மறைவாகத் தூண்டும் கோரிக்கைகளில் குக்கீ போகாது. வரும் பதிலில் ரகசியமும் இருக்காது. குறிப்பு இல்லாத குக்கீயை ‘லாக்ஸ்’ ஆக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைக் குரோம் 2020இல் கொண்டுவந்தது. எல்லாப் பிரவுசரும் அப்படியே செய்யும் என்று இருந்துவிட வேண்டாம்.

அணைத்த பிறகு வெளியிலிருந்து சோதியுங்கள். கர்ல் கருவி, நாம் கேட்காவிட்டால் ‘அக்செப்ட் என்கோடிங்’ ஹெடரை அனுப்பாது. அப்போது சர்வர் சுருக்காமல்தான் பதில் தரும், நாம் அணைந்துவிட்டது என்று ஏமாந்துபோவோம். ஹெடரைச் சேர்த்து அனுப்பி, பதிலில் ‘கன்டென்ட் என்கோடிங்’ வருகிறதா என்று பாருங்கள். நடுவில் சிடிஎன் இருந்தால், சர்வர் சுருக்காமல் கொடுத்ததை அது சுருக்கி அனுப்பக்கூடும்.

செய்யக்கூடாதவை

எல்லாவற்றுக்கும் சேர்த்து அணைக்காதீர்கள். யாவருக்கும் பொதுவான ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில் ரகசியம் ஏது? அதைச் சுருக்காமல் அனுப்பினால் பல மடங்கு டேட்டா போகும். சிக்னல் குறைந்த ஊரில், மலிவான போனில் காத்திருப்பவர்தான் அந்தச் சுமையைத் தாங்குகிறார். அவருக்குப் பாதுகாப்பும் கூடவில்லை.

டிஎல்எஸ் பதிப்பை உயர்த்தியதால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். பிரீச்சுக்கு எந்தப் பதிப்பு, எந்த மறையாக்கம் என்பது பொருட்டே இல்லை.

‘நம் நெட்வொர்க்கில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது’ என்ற தைரியமும் வேண்டாம். 2016இல் மேத்தி வான்ஹூஃப், டாம் வான் கோதெம் இருவரும் காட்டிய ‘ஹீஸ்ட்’ முறையில், பதில் வரும் நேரத்தை வைத்துப் பிரவுசருக்குள்ளிருந்தே அளவைக் கணித்தார்கள். நடுவில் யாரும் உட்கார வேண்டிய தேவையே இல்லை.

பதிலோடு தற்செயல் பைட்டுகளைச் சேர்த்து நீளத்தைக் குழப்புவதை மட்டும் நம்பாதீர்கள். ஜாங்கோ 4.2 அதிகபட்சம் 100 பைட்டுகள் வரை இப்படிச் சேர்க்கிறது. தாக்குதல் தாமதமாகும், அது நல்லதுதான். ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டுச் சராசரி எடுப்பவருக்கு விடை கிடைத்துவிடும்.

ஏஎஸ்பி.நெட் கோரில் ஹெச்டிடிபிஎஸ் பதில்களுக்கான கம்ப்ரெஷன் இயல்பாகவே ஆஃப். வேகம் போதவில்லை என்று அதை யோசிக்காமல் ஆன் செய்யாதீர்கள். ஜேசன் பதில்களையும் கணக்கில் விட்டுவிடாதீர்கள். ஹெச்டிஎம்எல்லுக்குச் சொன்ன மூன்று நிபந்தனைகளும் அவற்றுக்கும் பொருந்தும்.

கான்ஃபிக் ஃபைலில் அணைத்த வரிக்கு மேலே காரணத்தை எழுதாமல் விடாதீர்கள். எந்தப் பக்கம், அதில் என்ன ரகசியம், யார் முடிவு செய்தது என்று மூன்று வரி போதும். இல்லாவிட்டால், தளம் மெதுவாக இருக்கிறது என்று அடுத்த ஆண்டு புகார் வரும்போது, வேலைக்குப் புதிதாக வந்தவர் அதை நல்லெண்ணத்தோடு திரும்ப ஆன் செய்துவிடுவார்.