குற்றத்தை ஒப்புக்கொள்ளல்

குறைந்த தண்டனை கருதிப் பேசி இணங்கிக் குற்றத்தை ஏற்பது 'குற்ற ஒப்புதல் பேரம்' எனப்படும். இந்தியாவில் இது 2006 முதல் சட்டபூர்வமாக நடைமுறையிலுள்ளது.

இலங்கையில் நீதவான் முன் எதிரி குற்றத்தை முழுமையாக ஏற்றால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி சாட்சி விசாரணையின்றியே தண்டனை விதிக்கப்படும்.

உதாரணம்: ஹற்றன் தோட்டத் தொழிலாளி ஒருவர், தவணைக்குத் தவணை வந்தால் பேர் போய்விடும் எனப் பயந்து, செய்யாத குற்றத்தை ஏற்கிறார். அவர் அறியவேண்டியவை:

1. குற்றம் நிரூபிக்கப்படும்வரை அவர் சுற்றவாளியே (அரசியலமைப்பு, உறுப்புரை 13(5)).
2. நீதிமன்ற மொழி தெரியாதவருக்கு அரசு தமிழில் மொழிபெயர்ப்பு வழங்கவேண்டும் (உறுப்புரை 24(3)).
3. வசதியற்றோர், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வினா: விளங்காமல் குற்றத்தை ஏற்பதால் ஏற்படும் தீமைகள் இரண்டு தருக.