காத்துக் கருப்புக்கு ஆணி, காட்டுக்குக் கத்தி

கறிக்குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றிப் பக்கத்து ஊருக்குக் கொடுத்துவிடும்போதெல்லாம் என் அப்பத்தா மூடியின் மேல் ஒரு கரித்துண்டையும் துருப்பிடித்த ஆணி ஒன்றையும் வைத்துவிடுவார். இரும்பு கூட வந்தால் காத்துக் கருப்பு அண்டாதாம். நான் சிரிப்பேன். அப்படிச் சிரித்தவன்தான் மலையேறப் பழகிய புதிதில் இணையத்தில் தேடி, 1,400 ரூபாய் கொடுத்து ஒரு ‘சர்வைவல் கத்தி’ வாங்கினேன். முழங்கை நீளம். முதுகில் ரம்பப் பல். பிடிக்குள்ளே தீக்குச்சி, தூண்டில் முள், நரம்பு. பிடியின் மூடியில் குட்டி திசைகாட்டி. அந்தத் திசைகாட்டி வடக்கைக் காட்டியதே இல்லை. பக்கத்திலேயே அவ்வளவு இரும்பு இருந்தால் அது எங்கே திரும்பும், பாவம்.

கொல்லிமலையில் ஒரு மிளகுத் தோட்டத்தில் தங்கியிருந்தபோது அதற்கு வேலை வந்தது. விழுந்து கிடந்த சில்வர் ஓக் கிளையை வெட்டப் போனேன். நாலாவது போடு. கையில் பிடி மட்டும் நின்றது, தகடு காப்பிச் செடிக்குள் போய் விழுந்தது. பக்கத்தில் நின்ற தோட்டக்காரப் பெரியவர் அதை எடுத்து வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கத்தி பெருசா இருக்கு தம்பி. பிடிக்குள்ள ஒண்ணையும் காணோமே?”

அவர் கேட்டதில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல கத்தியில் தகடு பிடியோடு நின்றுவிடாது. வால்போல நீண்டு பிடிக்குள் நுழைந்து இறுகியிருக்கும். உள்ளே தீக்குச்சி வைக்க இடம் வேண்டுமென்றால் அந்த வாலைத்தான் வெட்டியாக வேண்டும். 1982-ல் வந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படத்தில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் வைத்திருந்த கத்தியும் பிடி குடைந்ததுதான். ஆனால் அதை அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஜிம்மி லைல் என்ற பேர்பெற்ற கத்திக் கொல்லர் கையால் செய்தார். சந்தையில் நமக்குக் கிடைப்பது அதன் முகஜாடை மட்டும். முதுகு ரம்பத்துக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்க விமானப்படை தன் விமானிகளுக்குக் கொடுத்த கத்தியில் அந்தப் பல், விழுந்த விமானத்தின் அலுமினியத் தகட்டைக் கிழித்து வெளியே வருவதற்காக வைக்கப்பட்டது. மரத்தில் அது அறுக்காது, சிக்கும்.

“காட்டுக்குப் பெரிய கத்திதான் லாயக்கு”

1991-ல் ஆல்ப்ஸ் மலையில் ஏறக்குறைய 5,300 ஆண்டுப் பழைய மனித உடல் ஒன்று பனிக்குள்ளிருந்து கிடைத்தது. ஓட்சி என்று பெயர் வைத்தார்கள். மலையிலேயே திரிந்த மனிதர். அவரிடமிருந்த கல் கத்தி, மரப்பிடியையும் சேர்த்து அளந்தால் 13 சென்டிமீட்டர். மரநாரில் பின்னிய உறை வேறு போட்டு வைத்திருந்தார். மரம் வெட்ட அவரிடம் செம்புக் கோடாலி தனியாக இருந்தது. வெட்டுவதற்கு ஒன்று, அறுப்பதற்கு ஒன்று என்ற கணக்கு அப்போதே தெளிவு. நம் ஊரிலும் அதே கணக்குதான்: விறகுக்கு வெட்டுக்கத்தி, கதிருக்குக் கருக்கரிவாள், பாளை சீவப் பாளை அரிவாள். ‘எல்லாத்துக்கும் ஒரே கத்தி’ என்பது விளம்பரத்தில் மட்டும் உள்ள ஜாதி.

மலைப்பயணத்தில் கத்திக்கு வரும் வேலையை எண்ணிப் பாருங்கள். கயிறு அறுப்பது, பிளாஸ்திரி கத்தரிப்பது, பழம் நறுக்குவது, தடியின் சிம்பைச் சீவுவது. உள்ளங்கை அகலத்துக்கு நீளமுள்ள தகடு, அதாவது எட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர், போதும். சுவீடனின் மோரா ஊர்க் கத்திகள் இந்த அளவுதான். மெல்லிய தகடு, சாதாரண பிளாஸ்டிக் பிடி, விலையும் அதிகமில்லை. அவற்றில் பலவற்றுக்கு வால் பிடியின் கடைசி வரைகூடப் போவதில்லை. இறுக்கமாக உட்கார்ந்திருப்பதால் ஆடுவதில்லை. ஆகவே ‘முழு வால் இல்லாத கத்தி குப்பை’ என்று அடித்துச் சொல்கிறவர்களிடமும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

எவர்சில்வரா, கார்பன் எஃகா என்று இரவெல்லாம் சண்டை போடுகிறார்கள். மழைக்காட்டில் நனையப் போகிறீர்கள், துடைத்து எண்ணெய் போடச் சோம்பல் என்றால் எவர்சில்வர். சாணை பிடிக்கத் தெரியும், பராமரிப்பேன் என்றால் கார்பன். அவ்வளவுதான். கொல்லிமலைப் பெரியவருடைய கத்தி லாரி ஸ்பிரிங் பிளேட்டில் கொல்லர் அடித்தது. பலா மரப்பிடி, வாயில் இரும்புப் பூண். அந்தப் பிளேட்டில் கார்பன் சுமார் 0.6 சதவீதம் இருக்கும். பதமாகத் தோய்ச்சல் போட்டால் கூர் நிற்கும், விழுந்தால் உடையாது.

“கூர் குறைவாக இருந்தால் கையை வெட்டாது”

மழுங்கின கத்தியை அழுத்தித்தான் அறுக்க வேண்டும். அழுத்தும்போது வழுக்கும், வழுக்கியது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. கூரான கத்தி சொன்ன இடத்தில் போகும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: உட்கார்ந்து சீவும்போது தொடைக்கு நேராகக் கத்தியை இழுக்காதீர்கள். உள்தொடையில் பெரிய தமனி ஓடுகிறது. அங்கே வெட்டினால் மருத்துவமனை வரை தாங்குவது கஷ்டம். முழங்கைகளை முழங்கால் மேல் ஊன்றிக்கொண்டு, உடம்புக்கு வெளிப்பக்கமாகச் சீவ வேண்டும்.

மழுங்கின கத்தி என்றதும் ஆரோன் ரால்ஸ்டன் நினைவுக்கு வருகிறார். 2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டாவில் ஒரு குறுகிய மலையிடுக்கில், சுமார் 360 கிலோ பாறை அவருடைய வலது கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாளுக்கு மேல் அங்கேயே நின்றார். கடைசியில் கையெலும்பைத் தானே முறித்து, ஒரு மலிவான மல்ட்டி டூலின் மொன்னைத் தகட்டால் கையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். படமாகவும் வந்தது. அதைப் பார்த்தவர்கள் நல்ல கத்தி வாங்கக் கிளம்பினார்கள். எனக்கு உறைத்தது வேறு: எங்கே போகிறேன் என்று அவர் ஒருவரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. சொல்லியிருந்தால் தேடல் முன்பே தொடங்கியிருக்கும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் திரும்புவேன் என்று வீட்டில் ஒரு சீட்டு எழுதி வைக்க 1,400 ரூபாய் ஆகாது.

“பாம்பு கடித்தால் கீறி ரத்தத்தை வெளியேற்ற கத்தி வேண்டும்”

இந்த ஒரு நம்பிக்கையால் வந்த கேடு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. பழைய சினிமாக்களில் கதாநாயகன் கீறி, வாய் வைத்து உறிஞ்சித் துப்புவான், கதாநாயகி கண் விழிப்பாள். நிஜத்தில் விஷம் ஏறிய சில நிமிடங்களில் சதைக்குள் பரவிவிடும். உறிஞ்சினால் வருவது ரத்தம்தான். கண்ணாடி விரியன் கடித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் விஷம் ரத்தம் உறையும் தன்மையையே குலைக்கும். நீங்கள் போட்ட கீறலிலிருந்து ரத்தம் நிற்காமல் ஓடும். இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல் சிம்பு வைத்து, மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட்டு, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்து. அதைத் தயாரிக்க விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரும் உண்டு. பாம்போடு வாழ்கிற அவர்கள் கையில் எடுப்பது கொக்கிக் கம்பு.

“ஒன்பது அங்குலத்துக்குக் கீழ் என்றால் எங்கேயும் கொண்டு போகலாம்”

இது பாதி உண்மை. ஆயுத விதிகளின் அட்டவணையில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள தகடுகளைப் பற்றிப் பேச்சு வருகிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆனவற்றுக்கு விலக்கும் இருக்கிறது. ஆனால் நாம் மலையேறப் போகும் இடம் பெரும்பாலும் சரணாலயம் அல்லது தேசியப் பூங்கா. அங்கே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. அதில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே கத்தி இருக்கிறது, அளவு சொல்லாமல். 31-ஆம் பிரிவின்படி எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. பையைத் திறந்து காட்டச் சொல்லும் வனக்காவலரிடம் “இது ஆப்பிள் வெட்ட சார்” என்று வாதாடி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. வனத்துறை வழிகாட்டியோடு போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே கேளுங்கள். வேண்டாம் என்றால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அனுமதியுள்ள தோட்டம், ஊர்ப்புறம் என்றால் உறையோடு பைக்குள் வைத்துக்கொள்ளலாம். விமானமென்றால் கைப்பையில் கூடாது, ஏற்றிவிடும் பெட்டியில் மட்டும்.

உறை இல்லாத கத்தி வாங்கவே வாங்காதீர்கள். பனையேறிகள் பாளை அரிவாளைப் பெட்டிக்குள் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள். மரத்தில் வழுக்கினால் கூரின் மேல் விழக் கூடாது. இரண்டு கையும் மரத்துக்கு வேண்டும்.

கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்துத்தான் எடுக்கச் சொல்ல வேண்டும் என்பார்கள். சண்டை வருமோ வராதோ, வைத்து எடுக்கும் பழக்கத்தை நான் விடவில்லை. விரல் பத்தும் மிச்சம்.

போன வருஷம் கொல்லிமலைக்குத் திரும்பப் போனபோது பெரியவரிடம் அந்த உடைந்த தகடு என்ன ஆயிற்று என்று கேட்டேன். வால் இல்லாததால் வேறு பிடி போட முடியவில்லையாம், இஞ்சி தோண்டவும் கனம் போதவில்லையாம். மாட்டுக்கொட்டகையைக் கை காட்டினார். நிலைப்படிக்கு மேல், காய்ந்த மாவிலைத் தோரணத்துக்குப் பின்னால், ரம்பப் பல் தெரிய அது செருகியிருந்தது.

“இரும்புதானே தம்பி, இருந்துட்டுப் போகட்டும்.”