பங்கு என்றால் என்ன? – ஒரு வகுப்பறை அனுபவம்

“அப்பா பங்கு வாங்கியிருக்கிறார். பணம் இரட்டிப்பாகுமா, சார்?” என்று எட்டாம் வகுப்பு மாணவன் கேட்டான். விடையைத் தூத்துக்குடி வரலாற்றிலிருந்தே தொடங்கினேன்.

1906இல் வ.உ.சி. இங்கே சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய். எத்தனை பங்குகள்? மாணவர்கள் வகுத்து, 40,000 என்றனர்.

கொழும்புக்குக் கப்பல் ஓடியது. போட்டி நிறுவனமான பிரிட்டிஷ் இந்தியா கட்டணத்தைக் குறைத்தது. 1908இல் வ.உ.சி. சிறை சென்றார். சில ஆண்டுகளில் நிறுவனம் கலைக்கப்பட்டது.

“10 பங்கு வாங்கியவர் முழுவதும் இழந்தால்?”

“250 ரூபாய், சார்.”

பங்கு என்பது இலாபத்தில் மட்டுமன்று, நட்டத்திலும்தான் என்று அவர்களே கூறினர். இலாபம்–நட்டம் பாடத்தை இக்கணக்கிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.