சாலிடரிங் பட்டறைக்கு எந்த இடம்?

போன பள்ளி விடுமுறையில், படிவம் 4 மாணவர்கள் 20 பேருக்கு மின்னணுப் பட்டறை நடத்த எங்கள் கிளை முடிவு செய்தது. 555 ஐ.சி. வைத்து இரண்டு எல்.இ.டி. மாறி மாறி மின்னும் சின்ன சர்க்கியூட். எஞ்சினியரிங் படிக்கிறவன் என்பதால் இடம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

ஆலயத் தலைவர் அன்னதான மண்டபத்தை இலவசமாகவே தருவதாகச் சொன்னார். "மேசை இருக்கு, ஃபேன் இருக்கு. அப்புறம் என்ன தம்பி, பேனர் அடிச்சிட வேண்டியதுதானே!" எனக்கும் அப்படித்தான் பட்டது.

முதலில் கரண்டைக் கணக்குப் பார்த்தேன். ஒரு சாலிடரிங் அயர்ன் 40 வாட். 20 அயர்னுக்கு 800 வாட், அதாவது 230 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். நம் ஊர் பிளக் 13 ஆம்பியர் தாங்கும். ஆக, அயர்னால் பிரச்சினை இல்லை. அதே எக்ஸ்டென்ஷனில் யாராவது தேநீருக்கு 2,200 வாட் கெட்டிலைச் செருகினால்தான் கதை கந்தல். அதோடு, பிளக் பாயிண்ட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. இருக்கிறதா என்றும் பாருங்கள். மண்டபத்தில் இருந்தது.

பிளக்குகளை எண்ணிக்கொண்டே தற்செயலாகக் குனிந்தேன். வெறுங்கால்!

ஆலய மண்டபத்தில் செருப்புப் போட முடியாது. அயர்ன் நுனி 350 டிகிரி வரை சூடாகும். உருகிய சாலிடர் ஒரு சொட்டு பாதத்தில் விழுந்தால்? சாலிடர் வைத்த பிறகு நறுக்கித் தள்ளும் கம்பிக் கால்கள் ஊசி மாதிரி இருக்கும். எவ்வளவு கூட்டினாலும் நாலைந்து தங்கிவிடும். மறுநாள் அதை மிதிக்கப் போவது சாப்பிட வரும் பாட்டிகள்.

அதைவிடப் பெரிய விஷயம் மேசை. நாங்கள் வாங்கிய சாலிடரில் 60 விழுக்காடு வெள்ளீயம், 40 விழுக்காடு காரீயம். பலர் புகையில்தான் காரீயம் வருது என்று பயப்படுகிறார்கள். அந்தச் சூட்டில் காரீயம் ஆவியாவது இல்லை என்றே சொல்லலாம். புகை, கம்பிக்குள் இருக்கும் ஃபிளக்ஸ் பிசினுடையது. அதுவும் நல்லதல்ல, ஆஸ்துமாவைக் கிளப்பும். அதனால்தான் ஜன்னல் திறக்காத ஏர்கான் அறை வேண்டாம் என்கிறேன். காரீயம் உடம்புக்குள் போவது கை வழியாக, சோற்றோடு. சாப்பிடும் மேசையில் சாலிடர் வைக்கவே கூடாது.

தலைவரிடம் எப்படிச் சொல்வது? இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். இலவசமாகக் கொடுத்த இடத்தை வேண்டாம் என்றால் மனசு நோகுமே. கடைசியில் கம்பித் துண்டுகள் கொஞ்சம் எடுத்துப் போய் அவர் உள்ளங்கையில் வைத்தேன். தடவிப் பார்த்தார். "பாட்டிங்க கால்ல ஏறிடும்லே" என்றார். அவ்வளவுதான்.

அப்புறம் நிகழ்ச்சியை இரண்டாகப் பிரித்தோம். சனிக்கிழமை மண்டபத்தில் பிரெட்போர்டும் 9 வோல்ட் பேட்டரியும் மட்டும்: சூடு இல்லை, காரீயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் கைவேலை அறையில் சாலிடரிங். சிமெண்ட் தரை, இரண்டு பக்கமும் ஜன்னல், வாசலிலேயே கைகழுவக் குழாய். எல்லாருக்கும் மூடிய சப்பாத்து கட்டாயம்.

அன்றைக்குத் தலைவரும் வந்தார். பழக்கதோஷம், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார். தங்கச்சி ஒருத்தி ஓடிப்போய், "ஐயா, இங்க போட்டுக்கிட்டுத்தான் வரணும்" என்றாள்.