பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ராணுவ நர்சிங் சர்வீஸில் மேஜராக ஓய்வு பெற்றவள் நான். வயது 58. பென்ஷனும் இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டும் என் பெயரில் உள்ளன. திருவண்ணாமலை மாவட்டத்தில் கிராமத்தில் வசிக்கிறேன்; பாலிகிளினிக் போக இரண்டு பஸ் மாற வேண்டும். சமீபத்தில் ஒருநாள் நள்ளிரவில் கடுமையான ரத்தப்போக்கு. அக்கா மகன் பக்கத்து டவுன் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பில் 1,40,000 ரூபாய். பாலிகிளினிக்குக்கு மூன்றாம் நாள்தான் தகவல் சொன்னோம். ‘பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி, ரெஃபரல் இல்லை’ என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். கவுண்ட்டரில், ‘உங்க வீட்டுக்காரர் எந்த ரெஜிமென்ட்?’ என்று வேறு கேட்கிறார்கள். பணம் கிடைக்குமா?

- ஒரு வாசகி

பதில்: கிடைக்க வழி இருக்கிறது அம்மா. மனு திரும்பி வந்ததோடு விட்டுவிடாதீர்கள்.

பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கிக்கொண்டு, இ.சி.எச்.எஸ். அங்கீகரித்த பட்டியல் ஆஸ்பத்திரிக்குப் போவது சாதாரண நாளைய விதி. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் சேரலாம் என்று இ.சி.எச்.எஸ். விதிகளே அனுமதிக்கின்றன. 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் தர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நீங்கள் தவறியது அதில் மட்டும். அன்றிரவு உடனிருந்தது யார், ஏன் தாமதமானது என்று விளக்கி, தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனிக் கடிதம் கொடுங்கள்.

2018 ஏப்ரலில் சிவகாந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆஸ்பத்திரியின் பெயர் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மருத்துவச் செலவை மறுக்க முடியாது; உண்மையிலேயே சிகிச்சை நடந்ததா, அதற்கு முறையான ஆவணம் உண்டா என்றுதான் பார்க்க வேண்டும் என்றது. அது ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரியின் சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) வழக்கு. ஆனாலும் அதே நியாயம் உங்களுக்கும் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. முழுப் பில் தொகையையும் எதிர்பார்க்காதீர்கள். பொதுவாக சி.ஜி.எச்.எஸ். கட்டண அளவுக்குத்தான் தருவார்கள்.

வழக்கின் உயிர் ஆவணத்தில் இருக்கிறது. அவசர நிலை என்று மருத்துவர் எழுதிய சான்றிதழ், சேர்த்த நேரம் பதிவான சீட்டு, அன்றைய ஹீமோகுளோபின் அளவு, ரத்தம் ஏற்றியிருந்தால் அதன் பதிவு, ஆபரேஷன் குறிப்பு, பயாப்ஸி ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். அந்த நிலையில் இரண்டு பஸ் மாறிப் போயிருக்க முடியாது என்பதை உங்கள் வாக்குமூலத்தைவிட அந்த ஹீமோகுளோபின் எண் பலமாகச் சொல்லும்.

இவற்றோடு சென்னையிலுள்ள இ.சி.எச்.எஸ். மண்டல மையத்துக்கு மேல்முறையீட்டு மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.

கவுண்ட்டரில் கேட்ட கேள்வி எனக்கும் வலித்தது. சீருடை அணிந்தது நீங்கள். பென்ஷன் ஆணையும் உங்கள் பெயரில் இருக்கிறது. குடும்ப பென்ஷன் வாங்குபவர் என்று யாராவது படிவத்தில் எழுதினால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். நீங்களே முதன்மை உறுப்பினர். கணவர், மகன் எவருடைய கையெழுத்தும் தேவையில்லை.

இனி தொடர் பரிசோதனைக்குப் போகும்போது, பாலிகிளினிக்கில் மகளிர் நோய் மருத்துவர் இல்லையென்றால் ரெஃபரல் கேளுங்கள். பட்டியலில் உங்கள் ஊருக்குப் பக்கமாக இருக்கும் ஆஸ்பத்திரியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆவது பிரிவின்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவில் இந்த வாரமே மனு கொடுங்கள்.