எதிர்ப்பாற்றல் புரதங்கள்: நமக்கும் உண்டு ஓர் ஆய்வுக்களம்

"மருத்துவம் கிடைக்கவில்லையா? சரி, அறிவியலாவது படி." எஸ்டிபிஎம் முடிவு வெளிவந்ததும் நம் இல்லங்களில் கேட்கும் வாசகம் இது. அந்த 'ஆவது' என்ற ஒட்டிலேயே மாணவர் பலரின் ஊக்கம் கரைந்து விடுகிறது. நான் ஜுருவைச் சேர்ந்தவன். பாலம் கடந்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகத்தில் வேதியியல் பயின்றேன். இன்று நோய் எதிர்ப்பாற்றல் புரதங்களின் வடிவத்தை முனைவர் பட்டத்திற்காக ஆய்ந்து வருகிறேன். அறிவியல் ஆறுதல் பரிசு அன்று என்பதை இத்துறையைக் கொண்டே விளக்க விழைகிறேன்.

நம் உடலுக்குள் நுழையும் கிருமியை அடையாளம் காண்பவை புரதங்களே. அமினோ அமிலங்கள் சங்கிலியாய்க் கோத்து, மடிந்து, ஒரு வடிவம் பெறும்போதுதான் புரதம் வேலை செய்கிறது. அந்த வடிவத்தை அணு அணுவாகக் கண்டறிவதே கட்டமைப்பு உயிரியல்.

நோயுற்ற உயிரணுவை வெள்ளணு எப்படி அறிகிறது? ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். பமேலா பியோர்க்மன் என்ற மாணவி, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எச்.எல்.ஏ. ஏ2 என்ற புரதத்தை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக் கொண்டார். 1984இல் பட்டம் பெற்றார். வடிவம் முழுமை பெறவில்லை. அங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். 1987இல் வெளியான படத்தில், புரதத்தின் உச்சியில் இருபுறமும் கரை வைத்த வாய்க்கால் போன்ற ஒரு பள்ளம் தெரிந்தது. அதில் ஏதோ ஒரு துணுக்கும் அடைந்து கிடந்தது. உயிரணு தனக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை அப்பள்ளத்தில் ஏந்தி வெளியே காட்டுகிறது. அவற்றுள் கிருமியின் துண்டு இருந்தால் வெள்ளணு தாக்குகிறது. பல்லாண்டுக் கேள்விக்கு ஒரு படம் விடை தந்தது.

இதனால் நமக்கென்ன? 1998, 1999ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் நிப்பா கிருமி 105 பேரைப் பலி கொண்டது. அக்கிருமி தன் மேற்புறப் புரதத்தால் நம் உயிரணுவின் எந்தப் புரதத்தைப் பற்றுகிறது என்பது 2005இல் தெரிந்தது. பற்றும் இடத்தின் வடிவம் தெரிந்தால், அதை மறைக்கும் எதிர்ப்பொருளை ஆராய்ந்து தேர்ந்தெடுக்கலாம்.

"நான் உயிரியல் படிக்கவில்லையே" எனத் தயங்க வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1954இல் கொல்லாஜன் புரதத்தின் மும்முறுக்கு வடிவத்தை முன்வைத்த ஜி.என்.இராமச்சந்திரன் இயற்பியலாளர். 1963இல் அவர் குழு வெளியிட்ட வரைபடத்தைக் கொண்டு இன்றும் உலகெங்கும் புரத வடிவங்கள் சரிபார்க்கப்படுகின்றன. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பின்னரே உயிரியலைக் கற்கத் தொடங்கினார். 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

கணினி எல்லாவற்றையும் கணித்துவிடாதா என்றும் கேட்பர். புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்பாஃபோல்ட் 2024இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது உண்மையே. ஆயினும், எதிர்ப்பொருள் கிருமியைப் பற்றும் வளைவுகளைக் கணிப்பது இன்னும் கடினம். கணிப்பைச் சோதிக்க ஆய்வுக்கூடமும் வேண்டும்.

இப்பாதையின் கடுமையையும் மறைக்கக் கூடாது. புரதத்தைத் தூய்மைப்படுத்தவே மாதங்கள் ஆகும். படிகம் உருவாகாமலே போகலாம். மூன்று நான்கு ஆண்டுகள் நண்பர்கள் சம்பளம் வாங்க, நாம் உதவித்தொகையில் காலம் தள்ள வேண்டும். ஆகவே, விண்ணப்பிக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். உதவித்தொகை எத்தனை மாதங்களுக்கு உறுதி? மேற்பார்வையாளரின் முன்னைய மாணவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தனர்? நம் நாட்டில் சின்க்ரோட்ரான் இல்லாததால், படிகங்களை எந்த நாட்டிற்கு அனுப்புவார்கள்? விடைகளைப் பெற்றோரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தொடங்குவதற்குப் பணம் வேண்டியதில்லை. 1971இல் ஏழு வடிவங்களுடன் தொடங்கிய புரோட்டீன் டேட்டா பேங்கில் இன்று 200,000க்கும் மேற்பட்டவை இலவசமாக உள்ளன. எச்.எல்.ஏ. ஏ2-ஐத் தேடியெடுத்துத் திரையில் சுழற்றிப் பாருங்கள். அந்தப் பள்ளத்தைக் கண்டதும் "ஏன் இப்படி?" என்ற கேள்வி உங்களுக்குள் எழுமானால், இத்துறை உங்களுக்கும் உரியதே.